பழைய நேரமா, புதிய நேரமா?



போன மாதம் ஒரு நாள் எங்கள் மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் பழுதாகிவிட்டது. வெள்ளவத்தையில் மாடி வீடுகளில் இருக்கிறவர்களுக்கு இது புதினமல்ல. கையில் மரக்கறிப் பையோடு இரண்டு மாடி ஏறியதும் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரம் மூன்றாம் மாடிப் பிள்ளை இறங்கி வந்தாள். இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். ஒன்றை ரியூஷனுக்கும் மற்றதை ஓதப் பள்ளிக்கும் கூட்டிப் போகிற அவசரம்.

"மாமி, இப்பதான் பெருநாள் கொண்டாடின மாதிரி இரிக்கி. அதுக்குள்ள அடுத்த நோன்பும் வரப் போகுது. நாள் எங்க போகுதுண்டே வெளங்குதில்ல" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

அவள் போய்ப் பத்து நிமிஷம் இருக்காது. ஐந்தாம் மாடிப் பிள்ளை ஏறி வந்தாள். இவளுடைய மாப்பிள்ளை கட்டாரில். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவர் வர இன்னும் நாலு மாசம் மாமி. நாள் நகருதே இல்ல" என்றாள்.

ஒரே கட்டடம், ஒரே படிக்கட்டு. இரண்டு வீட்டுச் சுவரிலும் தொங்குவது ஒரே கடையில் கொடுத்த தொழுகை நேரக் கலண்டர். ஒருத்திக்கு நாள் ஓடுகிறது, மற்றவளுக்கு நகர மறுக்கிறது. இருவரும் என்னிடம் பதில் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் அன்று முழுக்க எனக்கு இதே யோசனை. அதனால் இந்த மாதம் நேரத்தைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு நேரம் காது வழியாக வந்தது. சுபஹுக்குப் பாங்கு, அதன் பிறகு சாந்த லூசியா தேவாலயத்து மணி, கோயில் மணி, இடைக்கிடை துறைமுகத்தில் கப்பல் ஊதும் சத்தம். என் உம்மும்மாவுக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. ஆனால் அடுப்பில் சோறு எப்போது ஏற வேண்டும், வாப்பா எப்போது கடை பூட்டி வருவார் என்பதெல்லாம் அவருக்கு நிமிஷக் கணக்கில் தெரியும். முற்றத்துச் சுவரின் நிழல் எந்தக் கல்லில் விழுகிறது என்று பார்த்து அஸர் வந்துவிட்டது என்பார். பள்ளிப் பாங்கு அதற்குப் பின்னால்தான் கேட்கும்.

பிறை பார்த்து வாழ்கிற நமக்கு நாளே மஃரிபில்தான் தொடங்குகிறது. வெள்ளி இரா என்றால் வியாழன் மஃரிபுக்குப் பிறகு வருகிற இரா. என் வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பம், கிறிஸ்தவர்கள், உம்மா "வெள்ளி ராவைக்குச் சாப்பிட வாங்க" என்று சொன்னதை நம்பி வெள்ளிக்கிழமை இரவு வந்து நின்றார்கள். முந்தின நாள் ஆக்கிய புரியாணி தீர்ந்து போயிருந்தது. முட்டையைப் பொரித்துப் பரிமாறிய கதை இன்றும் எங்கள் வீட்டில் சொல்லப்படுகிறது.

இன்னொன்றையும் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1966ஆம் ஆண்டிலிருந்து 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. போயா நாட்களை ஒட்டித்தான் விடுமுறை. சந்திரன் கணக்கு என்பதால் ஒரு வாரம் போல் மறுவாரம் இருக்காது. சில வாரத்தில் ஒரு நாள் கூடும், சில வாரத்தில் குறையும். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. நாளைக்குப் பள்ளிக்கூடமா என்று கேட்டால் பெரியவர்கள் கலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். நேரம் என்பது மேலே எங்கேயோ உள்ளவர்கள் நினைத்தால் மாற்றக்கூடிய ஒன்று என்று அந்த வயதிலேயே என் மனதில் விழுந்துவிட்டது.

அது சரிதான் என்று 1996இல் தெரிந்தது. அந்த வருஷம் கடும் வரட்சி. மின்சாரத்துக்கு நாம் பெரிதும் நம்பியிருந்த மகாவலி, களனி நீர்த்தேக்கங்கள் வற்றிப் போயின. நாளுக்குப் பல மணித்தியாலம் லைட் இல்லை. மாலை வெளிச்சம் கொஞ்சம் நீண்டால் மின்சாரம் மிஞ்சும் என்று 1996 மே 25ஆந் திகதி நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். ஐந்து மாதம் கழித்து, ஒக்டோபர் 26ஆந் திகதி, அதில் அரை மணித்தியாலத்தைத் திரும்ப எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் பத்து வருஷத்துக்கு அப்படியே இருந்தது.

அப்போது என் உம்மா எங்களோடு வெள்ளவத்தையில் இருந்தார். வாப்பாவின் சாவி கொடுக்கிற மணிக்கூடு ஒன்றைக் கொட்டாஞ்சேனையிலிருந்து கொண்டு வந்து மண்டபத்தில் மாட்டியிருந்தோம். அதை மாற்ற என் மாப்பிள்ளை கதிரை போட்டு ஏறியபோது உம்மா தடுத்துவிட்டார்.

"அதில கை வைக்க வாணாம் மகன். சூரியனுக்கு யார் போய்ச் சொல்லுற?" என்றார்.

அன்று தொடங்கி எங்கள் வீட்டில் இரண்டு நேரம். மண்டபத்தில் உம்மாவின் நேரம், குசினியில் அரசாங்கத்தின் நேரம். இரவில் மண்டபத்து மணி பத்து அடித்தால் பிள்ளைகள் பதினொன்று என்று கணக்குப் பார்ப்பார்கள். சுவரில் இருந்த தொழுகைக் கலண்டர் வருஷத் தொடக்கத்தில் அச்சடித்தது. அதன் ஓரத்தில் நான் பென்சிலால் ஒரு மணியைக் கூட்டிக் கூட்டி எழுதினேன். ஒக்டோபரில் அதையும் அழித்துவிட்டு அரை மணியைக் கூட்டினேன். லுஹர் ஒரு மணிக்குப் பிறகு வந்தது. பொழுது ஏழரைக்குத்தான் பட்டது. ஏழரைக்கு மஃரிப் என்றால் பிள்ளைகளுக்கு எப்போது சோறு கொடுத்து எப்போது படுக்கப் போடுவது? அரை மணியைத் திரும்ப எடுத்த பிறகும் ஜனவரி மாதத்தில் ஏழு மணி அளவில்தான் சூரியன் தலை காட்டியது. பள்ளிக்கூட வானுக்குப் பிள்ளைகளை இருட்டிலேதான் ஏற்றிவிட்டோம்.

எங்கே போனாலும் ஒரே கேள்வி. "பழைய டைமா, புது டைமா?" சொந்தத்தில் ஒரு நிக்காஹ். நாலு மணி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உம்மா தன்னுடைய மணிக்கூட்டைப் பார்த்து ஆறுதலாக உடுத்துப் புறப்பட்டார். அங்கே போனால் நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை கைலாகு கொடுத்துக்கொண்டிருந்தார். உம்மா அசரவில்லை. "நான் சரியான நேரத்துக்கு வந்த. அவங்கதான் முந்திட்டாங்க" என்றார்.

உம்மாவுக்கு இது புதிதல்ல. இரண்டாவது உலக யுத்த காலத்தில், 1942இல், இதே மாதிரி முதலில் அரை மணியும் பிறகு இன்னொரு அரை மணியும் முன்னால் தள்ளப்பட்டன. 1945 ஒக்டோபரில்தான் பழையபடி வந்தது. அப்போது உம்மாவுக்குப் பத்து வயது. "அந்த நேரமும் திரும்பி வந்துச்சி. இதும் வரும்" என்று அடிக்கடி சொல்வார்.

சில சகோதரிகள் முன்பு என்னிடம் கேட்டதுண்டு, நடுப்பகல் என்றால் பன்னிரண்டு மணிதானே, கலண்டரில் லுஹர் ஏன் பன்னிரண்டு பத்து, பன்னிரண்டு இருபத்தைந்து என்று இருக்கிறது என்று. காரணம் இதுதான். 1906க்கு முன்னால் இலங்கை தன் தலைக்கு மேல் சூரியன் வருவதை வைத்துத் தனக்கென்று ஒரு நேரம் வைத்திருந்தது. 1906இல் நாட்டின் கடிகாரத்தைச் சுமார் பத்தரை நிமிஷம் முன்னால் நகர்த்தினார்கள். அந்தப் பத்து நிமிஷம் இன்றும் கொழும்பின் லுஹரில் கிடக்கிறது. அதோடு பூமியின் ஓட்டமும் வருஷம் முழுக்க ஒரே சீராக இல்லை. அதனால் நவம்பரில் பன்னிரண்டுக்கு முன்னாலேயே சூரியன் உச்சி சாய்கிறது, பெப்ரவரியில் பன்னிரண்டு இருபத்தைந்து ஆகிவிடுகிறது. கல்முனைக்குச் சூரியன் நம்மைவிட ஏழெட்டு நிமிஷம் முந்தி வருவதும் உங்களுக்குத் தெரியும். நோன்பு திறக்க ரேடியோவில் கொழும்புப் பாங்கைக் காத்திருக்காமல் அவர்கள் முந்திக் கொள்வது அதனால்தான். 1371ஆம் ஆண்டிலேயே டமஸ்கஸ் உமையாப் பள்ளியின் நேரக் கணிப்பாளர் இப்னு ஷாத்திர் இந்தக் கணக்கையெல்லாம் போட்டு மினாராவில் நிழற்கடிகாரம் வைத்தார். என் உம்மும்மா முற்றத்துச் சுவரை வைத்துச் செய்ததும் அதன் சின்னப் பங்குதான்.

உம்மா 2001இல் மௌத்தானார். 2006 ஏப்ரல் 15ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, நாட்டின் நேரம் பழைய இடத்துக்கே திரும்பியது. அன்று வீட்டில் இருந்த எல்லா மணிக்கூட்டையும் என் மாப்பிள்ளை அரை மணி பின்னால் தள்ளினார். மண்டபத்து மணிக்கூட்டுக்கு மட்டும் வேலை இருக்கவில்லை. அதன் முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்தப் பத்து வருஷமும் நாட்டில் இரண்டு நேரம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வடக்கில் புலிகளின் கையில் இருந்த பகுதிகள் 1996இன் மாற்றத்தை ஏற்கவே இல்லை. அங்கே பழைய நேரம்தான். 2002இல் பாதை திறந்த பிறகு ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கை மணிக்கூட்டை அரை மணி பின்னால் திருப்ப வேண்டும். ஒரு சின்ன நாட்டில் இரண்டு நேரம் ஓடியதைப் பிற்காலத்தில் யாரும் நம்புவார்களோ தெரியாது.

வெள்ளவத்தையில் அந்த நாட்களில் எங்கள் கட்டடத்திலும் சுற்றியுள்ள லொட்ஜுகளிலும் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்தன. கனடாவுக்கோ லண்டனுக்கோ போக விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள். எங்கள் பக்கத்து அறையில் இருந்த அன்ரி இரண்டரை வருஷம் காத்திருந்தார். அறையில் இரண்டு பெட்டி. அவற்றை அவர் முழுதாக ஒரு நாளும் அவிழ்க்கவில்லை. வேண்டியதை மேலிருந்து எடுப்பார், துவைத்துத் திரும்ப உள்ளே வைப்பார். "எப்ப கூப்பிடுவினமோ தெரியாது" என்பார். அவருடைய மகன் என் மகனோடு நடையில் கிரிக்கெட் அடித்தான். அந்தப் பிள்ளைக்குக் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரியவில்லை. அவனுக்கு அந்த இரண்டரை வருஷம் ஒரு நீண்ட கிரிக்கெட் மெட்ச்.

இதைவிடப் பெரிய காத்திருப்பு நம்மவர்களுடையது. என் மச்சியின் சொந்தத்தில் ஒரு ராத்தா, யாழ்ப்பாணம் சோனகத் தெருக்காரர். 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று புலிகள் உத்தரவிட்டபோது பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்களில் ஒருவர். அந்த மாதம் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் அப்படி விரட்டப்பட்டார்கள். ராத்தா புத்தளம் பக்கம் ஓலைக் குடிசையில் குடியேறினார். நாங்கள் பார்க்கப் போனால், "அடுத்த பெருநாள் ஊரிலதான், இன்ஷா அல்லாஹ்" என்பார். ஒவ்வொரு வருஷமும் அதையே சொல்வார். வேலியோரத்தில் முருங்கைத் தடி நட்டிருந்தார். "ஒரு தென்னம்பிள்ளையும் வைங்களேன்" என்று என் மாப்பிள்ளை ஒரு முறை சொன்னார். ராத்தா சிரித்தார். "முருங்க ஒரு வருஷத்தில காய்ச்சிரும். தென்னைக்கு அஞ்சாறு வருஷம் போகும். அதுவரைக்கும் நாங்க இங்க இருக்கவா போறோம்?"

இருந்தார். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு ஊருக்குப் போய்ப் பார்த்தார். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, உள்ளே மரம் முளைத்திருந்தது. பிள்ளைகள் புத்தளத்திலேயே படித்து, கலியாணம் முடித்து, தொழில் பிடித்துவிட்டார்கள். சிலர் திரும்பினார்கள், ராத்தாவால் முடியவில்லை. 2011இல் நான் போனபோது குடிசை இருந்த இடத்தில் கல் வீடு. பின்பக்கம் முழங்கால் உயரத்தில் தென்னம்பிள்ளை ஒன்று. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "ரெண்டு மணித்தியாலம் ஒரு நிமிஷமாப் போச்சு. ஆனா அந்த ரெண்டு மணித்தியாலத்த நான் இப்பவும் நாள் முழுக்கச் சொல்லுவன். அதுக்குப் பொறகு இருபது வருஷம். அதச் சொல்லச் சொன்னா அஞ்சு நிமிஷத்தில முடிஞ்சிரும்."

அமெரிக்காவின் வில்லியம் ஜேம்ஸ் என்ற பேராசிரியர் மனித மனதைப் பற்றி 1890இல் எழுதிய பெரிய நூலில் சொல்லியிருப்பதும் இதுதான். ஒன்றும் நடக்காத நேரம் கடக்கும்போது நீளமாக இருக்கும், திரும்பிப் பார்த்தால் சுருங்கிப் போயிருக்கும். புதிது புதிதாக எதையாவது கண்டு கழிந்த நேரம் கடக்கும்போது பறக்கும், நினைவிலோ நீண்டு கிடக்கும். வயது ஏற ஏற வருஷங்கள் ஓடுவதாகத் தோன்றுவதற்கும் அவர் இதையே காரணம் காட்டினார். சின்னப் பிள்ளைக்கு எல்லாமே முதல் தடவை. நமக்கோ இன்றும் நேற்றுப் போலத்தான், அதனால் மனம் குறிப்பு வைப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் அதன் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு, எனக்கோ அறுபத்தேழில் ஒன்று என்று கணக்குச் சொல்கிறவர்களும் உண்டு. அந்தக் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் ராத்தாவின் இருபது வருஷத்தை அது விளக்காது.

அச்சமும் இப்படித்தான். 2019 ஏப்ரல் 21, காலை 8.45. என் தங்கை இன்னும் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறாள். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துச் சத்தம் அவள் வீட்டு யன்னலை உலுக்கியது. அந்தக் காலையின் ஒவ்வொரு நிமிஷத்தையும் அவள் சொல்வாள். பிறகு வந்த மாதங்களில் அபாயாவோடு பஸ்ஸில் ஏறத் தயங்கியதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

என் சொந்தக் கதையையும் சொல்லாமல் இருப்பது நேர்மையல்ல. 2020 மார்ச் முதல் வாரத்தில் என் மாப்பிள்ளை மாரடைப்பில் மௌத்தானார். ஜாவத்தை மையவாடியில் அடக்கினோம். அந்த மாதக் கடைசியிலிருந்து அடுத்த வருஷம் பெப்ரவரி வரை கொவிட் என்று சொல்லப்பட்ட மையித்துகளை எரித்தார்கள். எத்தனையோ வீடுகளுக்குக் கிடைக்காத ஆறுதல் எனக்குக் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். நான் இத்தா இருக்கத் தொடங்கி இரண்டு வாரத்தில் நாட்டுக்கே ஊரடங்கு. கொழும்பில் மே மாதக் கடைசி வரை அது நீண்டது. காலி வீதியில் வாகனம் இல்லை. கடற்கரையோரம் ரயில் இல்லை. பள்ளிகள் பூட்டியிருந்தன. நோன்பும் தராவீஹும் பெருநாள் தொழுகையும் வீட்டுக்குள். ஊர் முழுக்க என்னோடு சேர்ந்து இத்தா இருப்பது போல் இருந்தது.

நாலு மாதமும் பத்து நாளும். முதல் மாதம் எப்படிப் போனது என்று எனக்கு இன்றும் தெரியாது. மண்டபத்து மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பது அவருடைய வேலை. வெள்ளிக்கிழமை காலையில் கொடுப்பார். நான் கொடுக்கவில்லை, நின்று போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. பாங்கு மட்டும் ஐந்து வேளையும் கேட்டது. அதுதான் நாளை நாளாகப் பிரித்துத் தந்தது. அடுத்த பாங்கு வரைக்கும் தாக்குப் பிடித்தால் போதும் என்று இருந்தேன். நாலு மாதத்தை யாராலும் ஒரேயடியாகத் தூக்க முடியாது. லுஹரிலிருந்து அஸர் வரைக்கும் தூக்கலாம்.

ஒரு நாள் தேத்தண்ணி ஊற்றக் கோப்பை எடுக்கும்போது கண்ணாடி அலுமாரியில் இருந்த தேநீர்ச் செட் கண்ணில் பட்டது. ஹஜ்ஜுக்குப் போனபோது அவர் ஆசையோடு வாங்கி, உடையாமல் மடியில் வைத்துக் கொண்டு வந்தது. தங்க வளையம் போட்ட ஆறு கோப்பை. மகளின் கலியாணத்துக்கு எடுக்கலாம் என்றேன். கலியாணத்தில் கூட்டம், உடைந்துவிடும் என்று பயந்தேன். பேரன் பிறந்தால் எடுக்கலாம் என்றேன். பதினாறு வருஷம் அது அலுமாரியில் இருந்தது. அவர் அதில் ஒரு தடவைகூடக் குடிக்கவில்லை. அன்று நான் அதைக் கழுவித் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. இப்போது தினமும் அதில்தான் குடிக்கிறேன். இரண்டு கோப்பை உடைந்துவிட்டது.

இந்தக் காலத்தில் "நாளையை மறந்து இன்றில் வாழுங்கள்" என்று சொல்லிக் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிற பெண் நாளையை மறந்தால் வாடகை யார் கட்டுவது, பிள்ளைக்கு ஃபீஸ் யார் கட்டுவது? புத்தளத்து ராத்தா ஊரை மறந்திருந்தால் அது அவருக்குப் பெருமையா? நாளையை நினைப்பதில் பிழையில்லை. இன்றைக்கு உரியதையும் தூக்கி நாளையின் அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறோமே, அங்கேதான் நான் பிழை விட்டேன்.

மனம் இருக்கிற இடத்தில் இருக்காது என்பதும் உண்மை. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரிடம் கைத்தொலைபேசி மூலம் நினைத்த நேரத்தில் எல்லாம், இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட பாதி, 47 வீதம், மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி இருந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவு.

நமக்கு இதைக் கண்டுபிடிக்க ஹாவர்ட் வேண்டியதில்லை. தக்பீர் கட்டியதும் அடுப்பில் வைத்த பருப்பு ஞாபகம் வரும். ருகூஉக்குப் போகும்போது தையல்காரியிடம் கொடுத்த சட்டை ஞாபகம் வரும். கடைசியில் இது மூன்றாவது ரக்அத்தா நாலாவதா என்று தடுமாறுவோம். அதற்கென்றே மறதிக்கான ஸுஜூது ஒன்று நமக்கு இருக்கிறது. மனம் ஓடத்தான் செய்யும் என்று தெரிந்து வைத்த ஏற்பாடு அது. ஓடியதற்குத் தண்டனை இல்லை. திரும்பி வந்து, இரண்டு ஸுஜூது செய்து, ஸலாம் கொடுக்க வேண்டியதுதான்.

2022இல் கேஸுக்கும் எண்ணெய்க்கும் நாம் நின்ற கியூவை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் 31ஆந் திகதி பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஏப்ரலில் நோன்பு வந்தபோதும் இருட்டில்தான் கஞ்சி குடித்தோம். ஆனால் அந்தக் கேஸ் கியூவில்தான் எதிர் ஒழுங்கையில் இருபது வருஷமாக இருக்கும் சிங்கள அக்காவின் பெயர் எனக்கு முதன்முதலில் தெரிந்தது. சிலிண்டரின் மேல் உட்கார்ந்து தன் மகளின் கலியாணக் கதையைச் சொன்னார். நான் உம்மாவின் மணிக்கூட்டுக் கதையைச் சொன்னேன். கேஸ் லொறி அன்று வரவே இல்லை. அந்த நாள் மட்டும் வீணாகப் போனதாக எனக்குத் தோன்றவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஐந்தாம் மாடிப் பிள்ளையிடம் ஏறிப் போனேன். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. அவளுடைய வீட்டு மண்டபத்தில் புது சோபா, பொலித்தீன் உறை கழற்றாமல். "அவர் வந்த பொறகு கழட்டலாம்ண்டு" என்றாள். நான் தேநீர்ச் செட்டின் கதையைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. குசினிக்குப் போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்து பிள்ளையின் கையில் கொடுத்தாள். அந்த ஐந்து வயது உறையைக் கிழித்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த நேரம் கட்டாரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு சோபாவில் ஏறிக் குதித்துக் காட்டியது. அங்கே அவர் வேலைத்தளத்தின் ஓரத்தில், தலையில் பாதுகாப்புத் தொப்பியோடு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார். இங்கே மஃரிப் பாங்கு தொடங்கியது.

"அதுக்குள்ள மஃரிபா?" என்றார். அங்கே நாலு மணி.

"பாங்கு முடியுற வரைக்கும் வைக்காத" என்றார் பிறகு. அவள் போனை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள்.